ரேஸ் புக்கும் டோட் பலகையும்

கேமரன் மலைத் தோட்டங்களில் காசு வைத்து ஆடுகிறவர்கள் இரண்டு வகை. நம்பர் எடுக்கிறவர்கள்தான் பெரும்பாலோர். கனவில் பாம்பு வந்தால் ஒரு எண், தாப்பா சாலையில் கவிழ்ந்து கிடந்த லாரியின் பலகையில் ஒரு எண், திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவரிடம் கேட்டு வாங்கிய ஒரு எண். புதன், சனி, ஞாயிறு குலுக்கல் முடிந்ததும் கனவு மறந்துவிடும். இன்னொரு வகை சிறுபான்மை: ரேஸ் பார்க்கிறவர்கள். பெரும்பாலும் வயதானவர்கள். இவர்களுக்கு நம்பர்காரர்களைக் கண்டால் இளக்காரம். "அது அதிர்ஷ்டம்பா, இது கணக்கு" என்பார்கள்.

அந்தப் பேச்சை எடைபோட்டுப் பார்க்கலாம். பாதி உண்மை, பாதி பொய் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எந்தப் பாதி உண்மை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் நம்பரின் கணக்கு. நாலு நம்பரில் ஒரு வெள்ளிக்கு 'பிக்' எழுதினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. பிறகு 180 வெள்ளிப் பரிசு பத்து, 60 வெள்ளிப் பரிசு பத்து. கூட்டினால் 6,400. எண்கள் பத்தாயிரம். ஆக, போட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் நீண்ட காலத்தில் திரும்பி வருவது 64 காசு. பாம்பு கனவில் வந்தாலும் பெருமாளே வந்தாலும் இந்த 64 மாறாது. எந்த எண்ணுக்கும் வேறு எந்த எண்ணைவிடவும் கூடுதல் வாய்ப்பு கிடையாது. ஆராய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

குதிரையில் ஆராய நிறைய இருக்கிறது. மலைக்கு மிக அருகிலுள்ள மைதானம் ஈப்போவில், பேராக் டர்ஃப் கிளப்புடையது. 1886இல் தொடங்கிய கிளப். கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்குச் சாலை வந்த பிறகு, புளூ வேலி பக்கத்துக்காரர்களுக்கு அது காலையில் போய் மாலையில் திரும்புகிற ஊர். அங்கே ஓடும் குதிரைகள் அநேகமாக ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. ரேஸ் புக்கில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வரி: கடைசி ஓட்டங்களில் வந்த இடம், சுமக்கும் எடை, புறப்படும் வாயில், ஜாக்கி, பயிற்சியாளர், ரேட்டிங்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 7-3-0-2-4-1. எடை 57.5 கிலோ, வாயில் 11, தூரம் 1,400 மீட்டர். புதிதாக வந்தவர் கண்ணில் கடைசியிலுள்ள '1' மட்டும் படும். போன தடவை ஜெயித்த குதிரை. பழகியவர் அந்த ஒன்றை நம்ப மாட்டார். அது எந்த வகுப்பில், எந்தத் தூரத்தில், எந்த எடையில் வந்த ஒன்று? 1,200 மீட்டரில், ஒரு படி கீழ் வகுப்பில், 54 கிலோ சுமந்து ஜெயித்ததென்றால், இன்று மேல் வகுப்பில் கூடுதலாக மூன்றரைக் கிலோ சுமந்து இருநூறு மீட்டர் அதிகம் ஓட வேண்டும். பதினொன்றாம் வாயிலிலிருந்து வளைவை வெளிப்பக்கமாகச் சுற்றினால் அதற்கும் தனியாகத் தூரம் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய '4'தான் ஒருவேளை நல்ல ஓட்டமாக இருந்திருக்கும்: வலுவான கூட்டத்தில், முன்னால் வழி கிடைக்காமல் அடைபட்டு, கடைசி இருநூறு மீட்டரில் பறந்து வந்த நான்காம் இடம். '0' என்றால் பத்தாம் இடம் அல்லது அதற்கும் பின்னால். ஆனால் அன்று மழை பெய்து தரை சகதியாக இருந்ததா என்பதை அந்தப் பூஜ்யம் சொல்லாது. படிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஆறு எண்களும் ஆறு கதைகள். இதைக் கற்க வருடங்கள் ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எடை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹேண்டிகேப் பந்தயத்தில் திறமையான குதிரைக்கு அதிக எடை, சுமாரானதற்குக் குறைந்த எடை. நன்றாகக் கொழுந்து எடுக்கிறவரின் கூடையில் கல்லைப் போட்டு, மந்தமாக எடுக்கிறவருக்குச் சமமாக்குகிற மாதிரி. எடை நிர்ணயிக்கிற அதிகாரியின் கனவு, எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து முடிக்க வேண்டும் என்பது. ரேஸ் புக் படிக்கிறவர் எந்தத் தகவலைக் கொண்டு குதிரைகளைப் பிரித்துப் பார்க்கிறாரோ, அதே தகவலைக் கொண்டு இன்னொருவர் முன்கூட்டியே அந்த வித்தியாசத்தை அழித்து வைத்திருக்கிறார். ஃபார் லேப் 1930 மெல்பர்ன் கோப்பையை வென்றது. மறு வருடம் அதன் முதுகில் 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. குதிரை கெட்டுப்போனது என்பதல்ல. பந்தயமே அதற்காகத்தான் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

வெளிநாட்டுப் புத்தகத்தில் கற்ற பாடம் ஈப்போவில் தலைகீழாவதும் உண்டு. பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுவார்கள். கழுத்திலும் தொடையிடுக்கிலும் வியர்த்து நுரை தள்ளினால் குதிரை பதற்றப்பட்டு, ஓடுமுன்பே சக்தியைச் செலவழிக்கிறது என்று குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்லும். இங்கே அஞ்ச வேண்டியது வியர்க்காத குதிரையை. குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகள் சிலவற்றுக்கு மலாயாவின் புழுக்கத்தில் வியர்வைச் சுரப்பிகள் மெல்ல வேலையை நிறுத்திவிடும். தோல் காய்ந்து கிடக்கும், மூச்சு வாங்கும், உடம்புச் சூடு இறங்காது. இந்த நோய்க்கு இன்றுவரை பலிக்கிற முதல் வைத்தியம், குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோவதுதான். உச்சி வெயிலில் மற்ற பதினொன்றும் மினுமினுக்க, ஒன்று மட்டும் உலர்ந்து நடந்து வந்தால் பழைய ரேஸ்காரர் அதைப் புக்கில் அடித்துவிடுவார். அந்த அறிவு எந்த ரேட்டிங் பட்டியலிலும் ஏறாதது.

ஆகவே இது அறிவுதான், ஜோசியம் அல்ல. சட்டமும் அப்படியே சொல்லியிருக்கிறது. 1974இல் கருணாநிதி அரசு தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெருமளவுக்குத் திறமையைச் சார்ந்தது, அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. ரேஸ் ரசிகர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை ஒரு பட்டயம் போலக் காட்டுவார்கள். ஆனால் அதே நாட்டின் வரித்துறை 2025 செப்டம்பரிலிருந்து குதிரைப் பந்தயத்தையும் லாட்டரியையும் காசினோவையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து 40 விழுக்காடு ஜிஎஸ்டி போடுகிறது. சென்னையின் கிண்டி ரேஸ் மைதானமோ 2024 செப்டம்பரில் குத்தகைத் தகராறில் அரசால் பூட்டப்பட்டது.

தீர்ப்பை நான் குறைசொல்லவில்லை. நீதிமன்றத்துக்கு முன்னால் இருந்தது, இது சூதா இல்லையா என்ற கேள்வி. அதற்குத் திறமை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். காசு கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் திறமை, எனக்கு எதிரே நிற்கிறவர்களின் திறமையைவிட எவ்வளவு கூடுதல்? ரேஸ் பார்க்கிறவர்களின் தர்க்கம் இடறி விழுவது இங்கேதான்.

மலேசியாவில் சட்டப்படி பந்தயம் கட்டுவது டோட்டில். எல்லாரும் கட்டிய காசு ஒன்றாகச் சேரும். அதிலிருந்து கிளப்பும் அரசும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். உலகெங்கும் இந்தப் பிடித்தம் பந்தய வகையைப் பொறுத்துப் பொதுவாக 15 முதல் 25 விழுக்காடு. ஹாங்காங்கில் 'வின்' பந்தயத்துக்கு 17.5. கணக்குக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் குதிரையோடு மோதவில்லை, கிளப்போடும் மோதவில்லை. பக்கத்தில் நின்று அதே புக்கைப் படிக்கிறவரோடு மோதுகிறீர்கள். உலர்ந்து வந்த குதிரையை அவரும் பார்த்தார். 54 கிலோவில் வந்த வெற்றி அவருக்கும் தெரியும். எல்லாரும் பார்த்த எல்லாமும் சேர்ந்துதான் டோட் பலகையில் எண்ணாக மின்னுகிறது. அந்தக் கூட்டம் மோசமாகவும் படிப்பதில்லை: அதிகம் பேர் கட்டிய பேவரிட், பொதுவாக மூன்று பந்தயத்துக்கு ஒன்றில் ஜெயிக்கிறது.

கூட்டம் ஒரு குதிரைக்கு 20 விழுக்காடு வாய்ப்பு என்று மதிப்பிட்டால், பிடித்தம் போக அது ஒரு வெள்ளிக்கு நான்கு வெள்ளி தரும். அந்த நான்கில் உங்களுக்கு நட்டமில்லாமல் நிற்க, அதன் உண்மையான வாய்ப்பு 25 விழுக்காடாக இருக்க வேண்டும். கூட்டம் அறிந்த அளவு நீங்களும் அறிந்திருந்தால் வெள்ளிக்கு 80 காசு திரும்பும். நம்பரின் 64ஐவிட மேல், சரி. நட்டம் நட்டம்தான். லாபம் வேண்டுமென்றால் கூட்டத்தைவிடக் கொஞ்சம் அல்ல, கால் பங்குக்கு மேல் சரியாக இருக்க வேண்டும். தொடர்ந்து இருக்க வேண்டும். "எந்தக் குதிரை ஜெயிக்கும்?" என்ற கேள்விக்கு முப்பது வருடம் உழைத்துப் பதில் தேடியவர்கள், "இந்த விலைக்கு இது தகுமா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்கரான பில் பென்டர் 1980களின் நடுவில் ஹாங்காங் போய், ஒவ்வொரு குதிரையின் வெற்றி வாய்ப்பையும் கணினியில் கணிக்கும் முறை ஒன்றை உருவாக்கிப் பெரும் செல்வம் சேர்த்தார். 1994இல் தன் முறையை அவரே கட்டுரையாக எழுதினார். அதில் என்னைக் கவர்ந்த இடம் ஒன்று: தன் கணிப்பை மட்டும் வைத்து அவர் கட்டவில்லை, பொதுமக்கள் கட்டிய விலையையும் கணக்கில் சேர்த்துக் கலந்த பிறகே முறை நன்றாக வேலை செய்தது. இத்தனை காரணிகளை அலசிய மனிதர், கூட்டத்துக்குத் தெரிந்தது தன் கணினிக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். காதில் பென்சில் செருகிய நம் ஆட்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. கூட்டம் பேவரிட்டில் குவிந்தால் "பப்ளிக் குதிரை" என்று ஒதுக்கி, பலகையில் பெரிய எண் காட்டுகிறதைத் தேடிப் போவார்கள்.

அந்தப் பெரிய எண்தான் ஆகக் கெட்ட சரக்கு. கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949இலேயே காட்டினார்: வாய்ப்புக் குறைந்த குதிரைகளின் மேல் மக்கள் தகுதிக்கு மீறிக் கட்டுகிறார்கள், பேவரிட்டின் மேல் குறைவாகக் கட்டுகிறார்கள். பின்னர் பல நாடுகளில் இதே போக்கு தெரிந்திருக்கிறது. காரணம் புரியாததல்ல. 2015 மெல்பர்ன் கோப்பையில் ஒன்றுக்கு நூறு என்றிருந்த பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் மிஷேல் பெய்ன் ஓட்ட ஜெயித்தது. அந்தக் கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி அவர். 2024இல் ஒன்றுக்குத் தொண்ணூறு என்றிருந்த நைட்ஸ் சாய்ஸ். இந்தக் கதைகள் கோப்பிக்கடையில் பத்து வருடம் ஓடும். அதே கோப்பையில் பின்னால் வந்த மற்ற 'ஒன்றுக்கு நூறு' குதிரைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரேஸ் பார்க்கிறவர் இங்கே நம்பர் எடுக்கிறவராக மாறிவிடுகிறார். கனவில் வந்த பாம்புக்குப் பதில், மனதில் நிற்கிற ஒரு பழைய வெற்றி.

லாயத்திலிருந்து வரும் டிப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உண்மையான டிப்ஸ் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் விலை இறங்கியிருக்கும். இறங்கவில்லை என்றால் அது டிப்ஸே இல்லை.

இதைவிடக் கவலைக்குரியது, படிக்கிற களமே சுருங்கி வருவது. 1842இல் பிறந்த சிங்கப்பூர் டர்ஃப் கிளப் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓட்டி மூடியது. 1864இன் பினாங்கு கிளப்பும் 2025இல் பந்தயத்தை நிறுத்தியது. தீபகற்பத்தில் மிஞ்சியவை ஈப்போவும் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் சுங்கை பெசியும். குதிரைகள் குறைந்தால் அதே பத்துப் பன்னிரண்டு முகங்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும். எல்லார்க்கும் எல்லாம் தெரிந்துவிடும். டோட்டில் சேரும் காசு குறைந்தால், துணிந்து கட்டுகிறவரின் சொந்தக் காசே விலையைக் கீழே இழுத்துவிடும். பென்டருக்கு ஹாங்காங்கின் கடல் போன்ற டோட் இருந்தது. இங்கே திறமைசாலி தன் திறமையாலேயே தன் லாபத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மலேசியப் பந்தய உலகில் பெரும் பணம் பார்த்த தமிழர் யார் என்று கேட்டால், 2024 நவம்பரில் காலமான ஆனந்த கிருஷ்ணனைத்தான் சொல்ல வேண்டும். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கணித்து அவர் பணக்காரர் ஆகவில்லை. நம்பர் விற்கும் பான் மலேசியன் பூல்ஸ் அவருடைய தஞ்சோங் குழுமத்திடம் இருந்தது. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பழைய ரேஸ் மைதானம் இருந்த நிலத்தில் இரட்டைக் கோபுரம் எழும்பிய கேஎல்சிசி திட்டத்தின் முன்னோடிகளில் அவர் ஒருவர்.

நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி; அதில் வீணாகப் போக விட ஒரு வெள்ளியும் இல்லை. ஆகவே ரேஸ் பார்க்கிற அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அறிவை நான் மறுக்கவில்லை. வியர்க்காத குதிரையைக் கண்டுபிடிக்கிற கண்ணை மதிக்கிறேன். ஆனால் அடுத்த சீசன் முழுக்கக் காசு வைக்காமல் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். டோட் பலகையைப் பார்ப்பதற்கு முன், ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று எழுதுங்கள், கூட்டினால் நூறு வர வேண்டும். பிறகு பலகையைப் பாருங்கள். உங்கள் எண், கூட்டம் அதற்கு மதிப்பிட்ட வாய்ப்பைவிடக் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிற குதிரைக்கு மட்டும் ஐந்து வெள்ளி கட்டியதாகக் குறியுங்கள். பந்தயம் முடிந்ததும் அறிவித்த டிவிடெண்டை எதிரே எழுதுங்கள். பேவரிட் தோற்றாலும் சரி, ஜெயித்தாலும் சரி, பக்கத்தைக் கிழிக்காதீர்கள். சீசன் முடிவில் கூட்டல் நட்டத்தில் நின்றால், ஈப்போவுக்குப் போங்கள், குதிரையைப் பாருங்கள், டோட் ஜன்னல் பக்கம் மட்டும் போகாதீர்கள்.