தராசும் அடுக்களையும்

1980-ஆம் ஆண்டில் மதுரை ஜில்லாவின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிப் பின்னர் பல ஜில்லாக்களுக்கு விரிந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும், அதையே முன்மாதிரியாகக் கொண்டு 1995-இல் வங்கதேசத்தில் ஆரம்பித்து 2002 வரை நடந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் ஒரு வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகளைப் போன்றவை. இரண்டுக்கும் பணம் தந்தது உலக வங்கி. இரண்டும் நாடியது ஏழை வீடுகளில் நடக்கத் தொடங்கியும் தொடங்காததுமான வயதிலுள்ள குழந்தைகளின் க்ஷேமம். மாதந்தோறும் எடை பார்ப்பது, நலிந்த குழந்தைக்கு மட்டும் உணவு தருவது, தாய்க்குப் புத்தி சொல்வது என்ற மூன்று காரியங்களே இரண்டுக்கும் ஆதாரம். அப்படியிருந்தும் முதலாவது, ஊட்டச்சத்து விஷயத்தில் வெற்றி என்று உலகமெங்கும் எடுத்துக்காட்டப்படும் கீர்த்தியைப் பெற்றது. இரண்டாவதோ, 6 கோடி டாலர் செலவிட்டும் சொல்லத்தக்க பலன் இல்லை என்ற அபவாதத்துக்கு ஆளாயிற்று. இந்த இரு தீர்ப்புகளும் எவ்வாறு பிறந்தன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராயும்போது, சர்வதேச உதவியின் பலனை அளக்கப் புகுந்தவர்கள் குழந்தையை நிறுத்துப் பார்த்த அளவுக்கு அக்குழந்தைக்குச் சோறூட்டும் குடும்பத்தை நின்று பார்க்கவில்லை என்ற எண்ணமே எனக்கு வலுப்படுகிறது.

கொட்டாம்பட்டித் திட்டத்தின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதன் சிறப்பும், அதை மதிப்பிட்ட முறையிலுள்ள கோளாறும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பள்ளிக்கூடத்திலும் பால்வாடியிலும் போடும் உணவு அங்கே நடந்து வரக்கூடிய பிள்ளைக்குத்தான் எட்டும். ஆனால் பசியின் கேடு வேரூன்றுவதோ, தாய்ப்பால் போதாமற் போய்ச் சோறும் சரிவரப் பழகாத ஆறாம் மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள். இதை உணர்ந்தே திட்டத்தை வகுத்தவர்கள் அந்த வயதைக் குறியாகக் கொண்டார்கள். ஊழியம் செய்ய ஊருக்கு ஒரு பெண்ணைத் தேடியபோது, அந்த ஊர்க்காரியாகவும், வறுமையில் வாழ்ந்தும் தன் குழந்தைகளை நன்றாக வளர்த்துக் காட்டியவளாகவும் இருப்பவளை விரும்பினார்கள். பட்டணத்திலிருந்து வந்த படித்தவள் சொன்னால் ‘உனக்கென்ன, சொல்வாய்’ என்று தள்ளிவிடக்கூடிய தாய், தன்னைப் போலவே கூலிக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரி சொல்லும்போது அவ்வாறு தள்ளுவது கடினமல்லவா? இந்த ஓர் ஏற்பாட்டில் உள்ள விவேகம், கட்டுக்கட்டான திட்ட அறிக்கைகளில் காணக் கிடைக்காதது.

எடை பார்க்கும் நாளைக் கற்பனை செய்துகொள்வது கஷ்டமன்று. உத்தரத்தில் தொங்கும் வில்தராசு, அதில் மாட்டிய தூளியில் கால்களை உதைத்துக்கொண்டு வீரிட்டு அழும் குழந்தை, நிறுத்தால் கண்பட்டுவிடுமே என்று முணுமுணுக்கும் பாட்டி, முள் ஆட்டத்தை நிறுத்தும் வரை காத்திருந்து அட்டையில் ஒரு புள்ளி வைக்கும் ஊழியர். சென்ற மாதத்துப் புள்ளியையும் இந்த மாதத்துப் புள்ளியையும் கோட்டால் சேர்த்து, அது ஏறுகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா என்று தாய்க்குக் காட்டுவார். படுத்தால் அல்லது இறங்கினால் அன்றிலிருந்து 90 நாட்களுக்கு, வறுத்த தானியமாவும் பயற்றுமாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும், தேறிவிட்டால் நிறுத்தப்படும், தேறாவிட்டால் சுகாதாரச் செவிலியரின் பார்வைக்குப் போகும். குறித்த வயதுக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் மாதந்தோறும் தராசுக்கு வந்தார்கள் என்பது இத்தகைய திட்டங்களின் சரித்திரத்தில் அபூர்வம். எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்காமல் வேண்டியவருக்கு வேண்டிய காலம் மட்டும் கொடுத்ததால் செலவு மிச்சப்பட்டது. அதைவிட முக்கியமாக, நோயென்று சொல்லத் தெரியாத மெல்லிய நலிவு தாயின் கண்ணுக்குப் புலனாயிற்று. பலனை அளக்கும் கருவியே பலன் தரும் கருவியாகவும் இருந்தது என்பதுதான் இந்த முறையின் மேன்மை.

கோளாறும் அங்கேதான். நிறுத்தவரும் உணவு கொடுத்தவரும் தேறியது என்று எழுதியவரும் ஒருவரே. அவரிடம் கபடம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், கணக்கில் இயல்பாகவே ஒரு மயக்கம் புகுந்துவிடுகிறது. பேதியோ காய்ச்சலோ வந்து எடை இழந்த மாதத்தில் பிடிக்கப்பட்ட குழந்தை, உருண்டை தின்னாவிட்டாலும் அடுத்த மூன்று மாதத்தில் ஓரளவு தேறத்தான் செய்யும். மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது தேர்ந்தெடுத்த எதுவும் சற்றே மேலெழுவது இயற்கை. 90 நாள் முடிவில் தேறி வெளியேறியவர்களின் தொகையை மட்டும் பார்த்து உருண்டையின் மகிமையைக் கணித்தால், உடல் தானே செய்துகொண்ட காரியமும் திட்டத்தின் பேரில் வரவு வைக்கப்பட்டுவிடும்.

வயதின் சிக்கல் வேறு. வயதுக்கேற்ற எடை என்பதே அளவுகோலாயிருக்க, பிறந்த தேதி எழுதி வைக்காத வீடுகளில் வயதைப் பொங்கலுக்கு முன்னா பின்னா, ஆடிக்கு முன்னா பின்னா என்று உசாவித்தான் நிர்ணயிக்க வேண்டியிருந்தது. 9 கிலோ எடையுள்ள குழந்தை ஒன்றரை வயதென்றால், அந்நாளில் வழங்கிய தரவரிசைப்படி, நலிவின் முதற்படியில் நிற்கும். அதே குழந்தைக்கு வயது இரண்டரை என்று சொல்லிவிட்டால் இரண்டாம் படிக்கு இறங்கிவிடும். தராசு பொய் சொல்லாது என்பார்கள். தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் பதிவேட்டுக்கு அந்தச் சத்தியம் இல்லை.

இவற்றையெல்லாம் கழித்த பின்னும், மூன்றாம், நான்காம் படிகளில் இருந்த கடும் நலிவு மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது என்ற முடிவில் பெரும்பகுதி நிற்கத்தான் செய்கிறது. நடுத்தர நலிவு அவ்வளவு குறையவில்லை என்று குறை கூறியவர்கள் உண்டு. அந்தக் குறை மெய்யே. ஆனால் அதைச் சொல்லும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கடும் நலிவிலிருந்து மீண்ட குழந்தை நேராக ஆரோக்கியப் பத்தியில் போய் உட்காருவதில்லை. நடுத்தரப் பத்தியில்தான் முதலில் வந்து சேர்கிறது. இறந்துபோயிருக்க வேண்டிய குழந்தை பிழைத்துக்கொண்டால், அதுவும் நலிந்தவர் தொகையைக் கூட்டுகிறது. இறந்த குழந்தையோ அட்டவணையை விட்டே நீங்கி, சராசரியை அழகுபடுத்திவிட்டுப் போய்விடுகிறது. இக்கொடுமையான கணிதத்தை அறியாதவர் ஊட்டச்சத்துப் புள்ளிவிவரத்தைத் தொடாமலிருப்பதே நலம்.

இனி, ஒப்பீட்டைப் பற்றி. திட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அறியாமல் நடந்ததற்குத் திட்டத்தைக் காரணமாக்க முடியாது. ஆகவே திட்டம் நுழையாத ஊர்களையும் அளந்து பார்க்க வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். ஆனால் 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சர்க்கார் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்கும் கிராமந்தோறும் மதிய உணவு போட ஆரம்பித்த பின், தமிழ்நாட்டில் உணவு நுழையாத ஊரை எங்கே தேடுவது? ஏழைக் குழந்தைக்கு இது பெரும் பாக்கியம், மதிப்பீட்டாளருக்கோ பெருஞ்சங்கடம். இந்தச் சங்கடத்தைக் காரணம் காட்டித் திட்டத்தின் கீர்த்தியை முற்றிலும் மறுப்பதும் நியாயமன்று, சங்கடமே இல்லாததுபோல் வெற்றிமுரசு கொட்டுவதும் நேர்மையன்று.

ஒப்பீடு எவ்வளவு அவசியம் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்ததைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் இல்லை. 2001 முதல் 2005 வரை யூனிசெப் ஸ்தாபனம், கனடாவின் பண உதவியுடன், அங்குள்ள 11 நாடுகளில் தடுப்பூசி, வைட்டமின் ஏ, கொசுவலை முதலியவற்றைத் துரிதமாகப் பரப்பிற்று. பின்னர், 2010-இல் லான்செட் இதழில் வெளியான சுயேச்சையான மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குட்பட்டோரின் மரணம் பெனின் நாட்டுத் திட்டப் பகுதிகளில் 13 சதவீதமும் மாலி நாட்டில் 24 சதவீதமும் குறைந்திருந்தது கண்டறியப்பட்டது. இதோடு நிறுத்தியிருந்தால் மாலை மரியாதைதான். ஆனால் திட்டம் இல்லாத பகுதிகளையும் பார்த்தார்கள். அங்கே பெனினில் 25 சதவீதமும் மாலியில் 31 சதவீதமும் குறைந்திருந்தது! ஊசியும் வலையும் பரவியது உண்மை. ஆனால் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த மலேரியாவுக்கும் நிமோனியாவுக்கும் சிகிச்சை அதே வேகத்தில் பரவவில்லை. பிறந்த சில நாட்களில் மாளும் சிசுக்களையும் ஊட்டக்குறைவையும் திட்டம் தொடவே இல்லை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. தனக்கே பாதகமாக முடியக்கூடிய ஆய்வுக்கு இடம் கொடுத்த யூனிசெப்பை நான் குறை கூற மாட்டேன். அந்தத் துணிவு வேறு பல ஸ்தாபனங்களுக்கு இருந்ததில்லை.

வங்கதேசத்துக்குத் திரும்புவோம். அங்கேயும் ஊர்ப்பெண்கள் நியமிக்கப்பட்டார்கள். அங்கேயும் தராசு தொங்கிற்று. வறுத்த அரிசிமாவும் பருப்புமாவும் வெல்லப்பாகும் எண்ணெயும் கலந்த பொட்டலம் அங்கேயும் தரப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு மெலிந்த கர்ப்பிணிகளுக்கும் உணவு கிடைத்தது. பிறகு, இலண்டனைச் சேர்ந்த சேவ் த சில்ட்ரன் ஸ்தாபனம் 2003-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, திட்டம் நடந்த ஊர்களுக்கும் நடக்காத ஊர்களுக்கும் ஊட்டக்குறைவில் பேதம் காணவில்லை என்று சாற்றிற்று. தமிழ்நாட்டுத் திட்டத்தின் கீர்த்திக்குக்கூடப் போதிய சான்று இல்லை என்று அதே மூச்சில் சொல்லிவிட்டது. ஒரே காலத்தில் இரு ஊர்களை அளந்து ஒப்பிடுவது, தொடக்கத்தில் அவை சமமாக இருந்தனவா என்ற கேள்விக்கு விடை சொல்லாது. ஆகையால் அந்த அறிக்கையின் உறுதி அதன் ஆதாரத்தைவிடச் சற்றே பெரிது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் உறங்கிக்கிடந்த விவாதத்தை அது எழுப்பியது பேருபகாரம்.

அந்த விவாதத்தின் நடுவில், 2005-இல், உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவு ஹோவர்ட் வைட் என்ற பொருளாதார அறிஞரைக் கொண்டு எழுதிய அறிக்கைதான் இவ்வகை நூல்களில் நான் மிக மதிப்பது. பலன் உண்டா இல்லையா என்பதோடு அவர் நிற்கவில்லை. பலன் உண்டாக வேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாக என்னென்ன நடக்க வேண்டும் என்று ஒரு சங்கிலியாக எழுதிவைத்து, எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடினார். தாய்மார்களுக்குச் சொன்ன புத்திமதி அவர்கள் காதில் ஏறியிருந்தது. என்ன ஊட்ட வேண்டும், கர்ப்ப காலத்தில் எவ்வளவு உண்ண வேண்டும் என்று கேட்டால் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அறிந்ததை நடத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அந்நாட்டுக் கிராமங்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குபவன் கணவன்; கூட்டுக் குடும்பத்தில் அடுக்களையை ஆள்பவள் மாமியார்; இளம் மருமகளின் தட்டில் எவ்வளவு விழும், பேரக்குழந்தைக்கு எப்போது என்ன ஊட்டுவது என்பதெல்லாம் அவர்கள் நிர்ணயம். திட்டமோ மருமகளிடம் மட்டுமே பேசிற்று. நலிவில்லாத குழந்தைகள் சிலருக்கு உணவு போனதும், நலிந்தவர் சிலருக்குப் போகாததும், பொட்டலம் கிடைத்த வீட்டில் அக்குழந்தைக்கு வழக்கமாக வைக்கும் சோற்றைக் குறைத்துக்கொண்டதும் உடன்சேர, பலன் சொற்பமாயிற்று.

நம்முடைய கிராமத்திலும் மாமியார்கள் உண்டு; அவர்களில் கொடியவர்களும் உண்டு. இருப்பினும் தென்னாட்டு ஏழைக் குடும்பங்களில் களையெடுக்கவும் நாற்று நடவும் போய்க் கூலியைத் தன் கையில் வாங்கும் பெண், சந்தைக்கும் கடைக்கும் தானே போய் வருபவள், தன் குழந்தைக்கு ஒரு வாழைப்பழம் வாங்க எவரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. கொட்டாம்பட்டியில் தராசையும் அட்டையையும் தாங்கி நின்ற தூண்களில் இதுவும் ஒன்று. ஆனால் அது எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவினமாக எழுதப்படாத தூண். ஆகவே தராசும் அட்டையும் கப்பலேறிப் போனபோது அது இங்கேயே நின்றுவிட்டது. இதைத் தத்துவ அறிஞர் நான்ஸி கார்ட்ரைட் 2012-இல் வெளிவந்த நூலொன்றில் எடுத்துக்கொண்டு, ஓரிடத்தில் பலித்தது என்பதற்கான சான்று எவ்வளவு திடமானதாக இருந்தாலும், வேறிடத்தில் பலிக்கும் என்பதற்கு அது சான்றாகாது என்று வாதிக்கிறார். தருக்கம் சரிதான், ஆயினும் அதை அப்படியே விட்டுவிட்டால் எந்த ஊரும் எந்த ஊரிடமிருந்தும் எதையும் கற்க முடியாது. முதல் ஊரின் மதிப்பீட்டிலேயே, எடை ஏறியதா என்ற கேள்வியோடு, ஏற்றியது யார் கை, அந்தக் கைக்குக் காசும் அதிகாரமும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விகளும் கேட்கப்பட்டிருந்தால், இரண்டாவது ஊரில் முதல் நாளே மாமியாரையும் கணவனையும் கூட்டி உட்காரவைக்க ஒருவருக்காவது தோன்றியிருக்கும்.

ஏன் கேட்கப்படவில்லை? மதிப்பீடு யாருக்காக எழுதப்படுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். உலக வங்கி தந்ததைத் தானம் என்று எண்ணிவிடக் கூடாது. சலுகைக் கடன்தான், நீண்ட கெடுவில் திருப்பித் தர வேண்டியது. கடன் கொடுத்தவருக்கு வேண்டியது குறித்த இலக்கும் எட்டிய இலக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஓர் அட்டவணை. கடன் வாங்கியவருக்கு வேண்டியது அடுத்த கடனுக்குக் குந்தகம் வராத ஓர் அட்டவணை. இரு தரப்புக்கும் எண் போதும். அடுக்களைக்குள் போய்த் தட்டைப் பார்க்கும் ஆய்வுக்குக் காலம் பிடிக்கும், உள்ளூர்ப் பாஷை தெரிந்தவர்கள் வேண்டும், கிடைக்கும் விடையும் அட்டவணையில் அடங்காது. வெளியிலிருந்து குறை சொல்லும் தொண்டு ஸ்தாபனங்களும் இந்த விஷயத்தில் வேறுபட்டவையல்ல. அவையும் எண்ணை எண்ணால்தான் அடித்தன.

காலத்தின் கூத்தும் ஒன்று உண்டு. வங்கதேசத் திட்டம் முடிந்தது 2002-இல். அதன் பலனைக் கணிக்கும் இறுதி அளவெடுப்பு நடந்தது 2003-இல். அடுக்களையைத் திறந்து காட்டிய அறிக்கை வந்தது 2005-இல். ஆனால் அதே முறையைத் தேசமெங்கும் விரிக்கும் அடுத்த ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு உலக வங்கி கடன் அனுமதித்ததோ 2000-ஆம் ஆண்டிலேயே.