பொன் விளையும் பூமி

நாஞ்சில் நாட்டைப் புகழ்ந்துரைக்க மேடையேறியவர் எவராயினும், 'பொன் விளையும் பூமி' என்னும் தொடரைச் சொல்லாமல் இறங்கியதை நான் கண்டதில்லை. நானும் முப்பதாண்டுக் காலம் மாணவர் கட்டுரைகளில் இத்தொடரைக் கண்ட இடமெல்லாம் மதிப்பெண்ணைக் கூட்டியளித்தவன்தான். முற்றிய நெற்கதிரின் நிறம் பொன். அதனால் வரும் வளமும் பொன். உவமை என்ற அளவில் இதிற் குற்றமில்லை. ஆயினும், ஒரு சொல்லாட்சி பழகிப் போனபின் அதை நாம் சொல்கிறோமேயன்றி நினைப்பதில்லை. உண்மையாகவே பொன் விளைகின்ற பூமி எப்படியிருக்கும் என்று இத்தொடரைச் சொன்னவர் யாரேனும் ஒருமுறை எண்ணிப் பார்த்ததுண்டா? இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து பிறந்தது.

வினா பிறந்த இடம் வட்டக்கோட்டை. டச்சுத் தளபதியாக வந்து திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவராக மாறிய டிலனாய் பதினெட்டாம் நூற்றாண்டில் வலுப்படுத்திய கோட்டை அது. அதன் மதில்மேல் நின்றால் ஒருபுறம் கடல். மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள். கீழே கரையில் கிடப்பதோ கருமணல். இல்மனைட், கார்னெட், மோனசைட் முதலிய கனிமங்கள் கலந்த மணல் அது. மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் தேய்ந்து, ஆறு அதைச் சுமந்து, அலை சலித்துக் கரை சேர்த்தது. 1909ஆம் ஆண்டு மணவாளக்குறிச்சியில் மோனசைட்டை ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பெர்க் கண்டறிந்ததற்குப்பின், இம்மாவட்டத்துக் கடற்கரை மணலே வாணிகப் பொருளாயிற்று. மலையின் செல்வம் நீரின் வழியே கீழிறங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் கவிஞர்கள் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். கம்பர் ஆற்றுப்படலத்தில், தந்தம், சந்தனம், பொன் முதலிய மலைபடு பொருள்களைச் சுமந்துவரும் சரயு வெள்ளத்தை வணிகர்க்கு ஒப்பிட்டார். உமறுப்புலவரும் அம்மரபைத் தழுவியே, சீறாப்புராணத்தில் அரபு நாட்டை மழையும் ஆறும் வயலுமாக வருணித்தார். பாலைவனத்தில் ஏது இத்தனை ஆறு என்று குறை கண்டவர் உண்டு. காப்பிய மரபறிந்தவர் அக்குறையைப் பொருட்படுத்தார்.

இவ்வருணனையில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. பொன்னைக் கொணர்வது ஆறு, மனிதன் அன்று. மலை தானே ஈந்ததை மழை இறக்கித் தருகிறது. சந்தன மரமும் யானைக் கூட்டமும் நிற்கின்ற காடு அங்கேயே நிற்க, அதன் மிகுதி மட்டும் கீழே வருகிறது. பொன்னும் காடும் ஒன்றுக்கொன்று பகையாகாத உலகம் அது. அதைக் கற்பனை என்று தள்ளவும் இயலாது. நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர், தேவாலா பகுதிகளின் நீரில் ஒரு பங்கு மேற்கே இறங்கிச் சாலியாற்றைச் சேர்கிறது. நிலம்பூர்ப் பகுதியில் அவ்வாற்று மணலை மரத்தட்டில் அரித்துப் பொன்துகள் எடுத்த ஏழை மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தனர். அவர்கள் கையில் வந்தது கம்பர் கண்ட பொன்.

ஆறு தரும்வரை காத்திராமல் மனிதன் மலைமேல் ஏறியபோதுதான் கதை மாறிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறை அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித் என்பார், இந்திய அரசின் பொருட்டு இப்பகுதியை ஆராய்ந்து 1880இல் அறிக்கை அளித்தார். அதனைத் தொடர்ந்து லண்டன் நகரில் நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அவற்றின் பெயரளவு முதல் ஏறத்தாழ 50 லட்சம் பவுன். நலிந்துகொண்டிருந்த காப்பித் தோட்டங்கள் பொன்னிலம் என்ற பெயரால் கொள்ளை விலைக்கு விற்கப்பட்டன. காட்டிடையே சாலைகளும் எந்திரங்களும் வந்தன. பாறையை இடித்துப் பார்த்தபோது கிடைத்த பொன் செலவுக்குக் கட்டவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆரவாரம் அடங்கிற்று. பின்னாளில் அந்நிலத்தில் தேயிலை பரவியது. அங்கே காட்டை மிகுதியாக விழுங்கியது பொன் அன்று, தோட்டப் பயிர்களே என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால், கைவிடப்பட்ட சுரங்கங்கள் மூடவில்லை. பிற்காலத்தில் திருட்டுத்தனமாக அவற்றுள் இறங்கித் தோண்டி, மண் சரிந்து மாண்டவர் உண்டு.

பந்தலூரில் பொன் குறைவாயிருந்ததே காட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு எனலாம். அது மிகுந்திருந்தால் என்னவாகும் என்பதைத் தென் அமெரிக்காவின் அமேசான் மழைக்காடு காட்டுகிறது. பெரு நாட்டின் மாத்ரே தே தியோஸ் பகுதியில் 1985க்கும் 2017க்கும் இடையே ஒரு லட்சம் ஹெக்டேருக்குச் சற்றே குறைவான காடு பொன்னுக்காக அழிந்தது. முதலில் மரங்களை வீழ்த்துவர். பின்னர் வலிய குழாய்களால் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்துச் சேறாக்குவர். அச்சேற்றில் பாதரசத்தைக் கலந்தால் அது பொன்துகளைப் பற்றிக்கொள்ளும். அவ்வுருண்டையைச் சூடேற்ற, பாதரசம் ஆவியாகிப் பொன் எஞ்சும். முதலில் அவ்வாவியைச் சுவாசிப்பவன் அத்தொழிலாளியே. பெரும்பாலும் வேறு பிழைப்பற்ற ஏழை. எஞ்சிய பாதரசம் ஆற்றில் இறங்கி, அங்குள்ள நுண்ணுயிர்களால் மெதில் பாதரசம் என்னும் நஞ்சாக மாறி, சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், மீனிலிருந்து தாயின் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் செல்கிறது. மீனிலும் மக்கள் உடலிலும் இந்நஞ்சு மிகுந்ததனால் 2016இல் அப்பகுதியில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பிரேசில் நாட்டிலும், யானோமாமி பழங்குடியினரின் நிலத்துட் புகுந்த பொன்தோண்டிகளால் நோயும் பட்டினியும் பெருகி, 2023 ஜனவரியில் அரசு சுகாதார அவசரநிலையை அறிவிக்க நேர்ந்தது.

பாதரசத்தைப் பொன்னாக்க முயன்ற ரசவாதிகளின் கதைகளைச் சித்தர் மரபிலும் அரபியரின் கீமியாக் கலையிலும் படித்து நாம் நகைத்ததுண்டு. அவர்கள் நெடுங்காலம் முயன்றும் காட்டை அழித்ததில்லை. இன்றோ மனிதர் உலகில் வெளிவிடும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறு பொன்தோண்டிகளின் தொழிலிலிருந்து வருவதாக ஐ.நா.வின் 2018ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. இதைக் கட்டுப்படுத்த 2013இல் மினமாட்டா உடன்படிக்கை எழுந்து, 2017இல் நடைமுறைக்கு வந்தது. வெட்டிய காடு மீண்டும் தழைக்காதோ எனில், கயானாவில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு அந்நம்பிக்கையையும் குலைக்கிறது. பொன் தோண்டிய குழிகளில் மண்ணின் தழைச்சத்து போய்விட்டதால், காடு மிக மிக மெதுவாகவே மீள்கிறது. சில இடங்களில் மீளவேயில்லை. பொன் விளைந்த பூமியில் புல்லும் விளையவில்லை.

"கவிஞன் சொன்னது உவமை, அதிற்போய்க் காட்டையும் நஞ்சையும் தேடுவது திறனாய்வாகுமா?" என்று இலக்கிய அன்பர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பழங்கவிஞரிடம் நான் குறை காணவில்லை. அவர்தம் வருணனை அவர்தம் காலத்து உண்மைக்கு இயைந்தது. குறை நம்முடையது. ஆறு கொணர்ந்த பொன்னுக்காகப் பிறந்த சொற்களை, காட்டைக் கிழித்துக் கொணர்ந்த பொன்னுக்கும் அப்படியே வழங்கி வருகிறோம். பெரு, கானா முதலிய நாடுகளிலிருந்து சுத்திகரிக்காத பொன் இந்தியாவுக்கு வருகிறது. உருக்கி வார்த்தபின் எது எந்நாட்டு மண் என்று எந்த உரைகல்லும் காட்டாது. அது நம் வீட்டு மணப்பெண்ணின் கழுத்தில் ஏறும்போது, 'பொன் போன்ற பெண்' என்று வாழ்த்துப்பா எழுதித் தருகிறோம். நானும் எழுதித் தந்திருக்கிறேன். சீர் குறைந்ததென்று திருமணம் தடைப்பட்ட வீட்டாருக்கு ஆறுதல் சொல்லச் சென்று, சொல் வராமல் திரும்பியுமிருக்கிறேன். அங்கே குறைந்தது சில பவுன். அச்சில பவுன் எங்கோ ஓர் ஆற்றை நஞ்சாக்கியிருக்கக்கூடும் என்பது அவ்வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது.

மதரஸாவில் சட்டநூற்பாடம் நடத்துகையில் இரு சொற்கள் அடுத்தடுத்து வரும். பொன்னுக்கு அரபியில் 'தஹப்' என்று பெயர். 'சென்றது' என்னும் வினைக்கும் அதே எழுத்துகள்தாம். நில்லாமற் சென்றுவிடுவதால் அப்பெயர் பெற்றதென உரையாசிரியர் சிலர் விளக்குவர். சுரங்கத்துக்கோ 'மஃதின்' என்று பெயர். அது தங்குதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. நிலைத்த சுவனத்தைக் குறிக்கும் 'அத்ன்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். தமிழ்ச் செவிக்கோ 'தங்கம்' என்றாலே தங்குவது போல ஒலிக்கிறது. சொற்பிறப்பு அப்படியன்று எனினும், நம் மக்கள் அதை நம்பித்தான் சேர்த்து வைக்கிறார்கள். இவ்விரு மொழிகளுள் அரபியே இங்கே உண்மையை உரைக்கிறது என்பது என் முடிவு. பொன் கைமாறிச் சென்றுகொண்டேயிருக்கும். தங்குவது அது தோண்டப்பட்ட குழியும் அதில் ஊறிய நஞ்சுமே.

ஆகவே, எழுதுவோரை நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. பொன்னைப் பாடற்க என்று சொல்லேன். பாடும்போது அது வந்த வழியையும் பாடுக. குறிஞ்சிக்கு முதற்பொருளாக மலையை வகுத்த மொழி இது. மலை சிதைந்த செய்தி அதன் கவிதைக்குப் புறம்பாகாது. இனி என் மாணவர் எவரேனும் 'பொன் விளையும் பூமி' என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன். ஓரத்தில் ஒரு வரி எழுதுவேன்: "நெல் விளைகிறது என்றே எழுதலாமே, அதைவிட உயர்ந்த புகழ் உண்டோ?"