நான்காம் வேற்றுமையில் ஒரு மகள்

2021 செப்டம்பரில் கல்லூரிகள் மீண்டும் திறந்தபோது, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களே வகுப்புக்கு வர வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் அறிவித்தார்கள். வளாகத்திலேயே முகாம் நடந்தது. ஊசிக்கு முன் ஒரு சம்மதப் படிவம். தமிழ் படித்தவளுக்குக் கையில் கிடைக்கும் எதையும் வாசிக்காமல் விட முடியாது. அதிலிருந்த வாக்கியம் இது: “என் மகள் .........க்குத் தடுப்பூசி போடச் சம்மதிக்கிறேன்.” கீழே, ‘தந்தை / பாதுகாவலர் கையொப்பம்.’

எழுவாய் வெளியே தெரியவில்லை. ‘சம்மதிக்கிறேன்’ என்ற வினையின் விகுதிக்குள் ஒரு ‘நான்’ இருக்கிறது. அந்த நான், அப்பா. மகள் புள்ளிக்கோட்டின் மேல் எழுத வேண்டிய ஒரு பெயர். அந்தப் பெயரோடு ஒட்டிய ‘கு’ உருபு. நான்காம் வேற்றுமை, பெறுகிறவரைச் சுட்டுவது. ஊசி ஏறுவது அவள் கையில். சம்மதம் சொல்வது வேறொருவர்.

முதுகலையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு மாணவிக்கு அப்போது வயது 21. அந்த ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தவள். அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வந்திருந்தாள். “அப்பா கையெழுத்து எங்கே?” என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அப்பா அவர்களோடு இல்லை. ஒரு வாரம் கழித்து, தாய்மாமன் கையெழுத்தோடு வந்தாள். ஆட்சியைத் தேர்ந்தெடுக்கப் போதுமான வயது, ஓர் ஊசிக்குப் போதவில்லை.

நான் தடுப்பூசிக்கு எதிரானவள் அல்ல. முகாமில் நானும் வரிசையில் நின்றேன். ஒரே அறையில் அறுபது பேர் மூச்சுவிடும் இடத்தில், என் உடல் என்னோடு முடிந்துவிடுவதில்லை. வகுப்பறையைப் பெருக்கும் அக்காவுக்கும், மாணவியின் வீட்டிலிருக்கும் பாட்டிக்கும் நாம் பட்ட கடமை அது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றும், பொதுநலனுக்காக அளவோடு கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிபந்தனையை நான் ஏற்கிறேன். அதை யாரிடம் பேசுகிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

பெற்றோரின் சம்மதம் உண்மையிலேயே தேவைப்பட்ட ஓர் இடத்தில் என்ன நடந்தது? 2009இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி ஓர் ஆய்வுத் திட்டமாக 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. பலர் பழங்குடிச் சிறுமிகள். விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்ததை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு பதிவுசெய்தது. அந்தக் காலத்தில் நேர்ந்த சிறுமிகளின் மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணைக் குழு சொன்னது. சம்மதம் வாங்கிய முறை பற்றிய கேள்வி அதனால் தீரவில்லை.

அங்கே பெற்றோரைக் கேட்டே ஆக வேண்டும்; காப்பாளரின் கையெழுத்து போதுமானதாக இருந்தது. இங்கே பெற்றோரைக் கேட்கத் தேவையே இல்லை. அப்பா இல்லாமல் ஆகாது என்றார்கள். இரண்டு இடங்களிலும் பெண்ணின் சொல்லுக்கு வேலை இல்லை.

அந்த மாணவி முகாமில் என்னிடம் மெல்லக் கேட்டாள்: “மேம், பீரியட்ஸ் நேரத்துல போட்டுக்கலாமா?” மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி கூடாது என்று 2021 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. அரசு உடனே மறுத்தது, மறுத்தது சரிதான். ஆனால் வதந்தி முளைத்த இடம் காலியாக இருந்தது. தடுப்பூசிக்கான பெரிய பரிசோதனைகள் மாதவிடாய்ச் சுழற்சியைக் கணக்கில் எடுக்கவில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரின் சுழற்சிகளைப் பார்த்த ஆய்வு 2022 ஜனவரியில்தான் வெளிவந்தது: சுழற்சி நீண்டது ஒரு நாளுக்கும் குறைவாக. நிம்மதியான விடை. கோடிக்கணக்கான பெண்கள் போட்டுக்கொண்ட பிறகு வந்த விடை. அவளுடைய கேள்வியை வதந்தி மட்டும்தான் மதித்துப் பேசியிருந்தது. முகாமில் இருந்த செவிலியர் இரண்டு நிமிடத்தில் அவளுக்கு விளக்கினார். அந்த இரண்டு நிமிடத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

பிறகு ஒருநாள், வேற்றுமை நடத்தும்போது அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, மகளை எழுவாய் ஆக்குங்கள் என்றேன். ஒருத்தி எழுதினாள்: “எனக்குத் தடுப்பூசி போடச் சம்மதிக்கிறேன்.” கையெழுத்து அவளுடையதாகிவிட்டது, ‘கு’ மட்டும் போகவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருத்தி வந்து அதை அழித்துவிட்டு எழுதினாள்: “விளக்கம் கேட்டேன். தடுப்பூசி போட்டுக்கொள்கிறேன்.”

‘கொள்’ என்ற துணைவினை, செய்கையின் பயனைச் செய்பவரிடமே சேர்ப்பது. அடுத்த கல்வியாண்டின் படிவத்துக்கு அந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.