ஒற்றரும் விருந்தினரும்: ராஜம் கிருஷ்ணனின் கள நாவல்களில் பாத்திரப் படைப்பு

ஆய்வுச் சுருக்கம்

தாம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன் (1925–2014), தாம் எழுதவிருந்த மக்களை அவர்தம் இடத்துக்கே சென்று கண்டு, கேட்டு எழுதியவர். அவருடைய கள நாவல்களில் களம் எங்கும் உயிர்ப்புடன் அமைகிறது. மாந்தர் எங்கும் அவ்வாறு அமைவதில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எழுத்தாளரின் திறக்குறை அன்று, களத்து மக்களுக்கு அவர் பட்ட கடனே என்பதை, குறிஞ்சித்தேன், கரிப்பு மணிகள், பாதையில் பதிந்த அடிகள் ஆகிய மூன்று நாவல்களை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ராஜம் கிருஷ்ணன், கள ஆய்வு, பாத்திரப் படைப்பு, உரிப்பொருள், அசோகமித்திரன், மணலூர் மணியம்மை.

களம் நாடிய எழுத்து

முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் மணம் முடிந்து, மின்பொறியாளரான கணவரின் பணியிடங்கள்தோறும் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணனுக்கு முறையான உயர்கல்வி வாய்க்கவில்லை. ஆயினும் தமிழ் நாவலாசிரியருள் எழுதுவதற்கு முன் மிகுதியாகப் பயணம் செய்தவர் யார் என்று வினவினால் அவர் பெயரே முதலில் நினைவுக்கு வரும். நீலகிரிப் படகர் வாழ்வைக் குறிஞ்சித்தேன் (1963), கோவா விடுதலைப் பின்னணியை வளைக்கரம் (1969), சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர் வாழ்வை முள்ளும் மலர்ந்தது (1974), தென்கடற்கரை மீனவர் வாழ்வை அலைவாய்க்கரையில் (1978), தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வைக் கரிப்பு மணிகள் (1979), சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் நிலையைக் கூட்டுக் குஞ்சுகள் (1980), தஞ்சை வேளாண் கூலிகளின் வாழ்வைச் சேற்றில் மனிதர்கள் (1982) எனக் களங்கள் விரிகின்றன. 1973ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது வேருக்கு நீர் நாவலுக்குக் கிடைத்தது. 2009இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது.

இப்பட்டியலே அவரைப் பற்றிய ஆய்வுகளின் போக்கையும் தீர்மானித்துவிட்டது. ‘நாவல்களில் சமுதாயச் சிக்கல்கள்’, ‘நாவல்களில் பெண்கள்’ என்னும் தலைப்புகளில் நம் பல்கலைக்கழகங்களில் நிகழும் ஆய்வுகள், ஒரு தொழிலின் கொடுமையை நாவல் எந்த அளவுக்கு எடுத்துரைத்துள்ளது என்று கணக்கிடுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. கூலி எவ்வளவு, நோய்கள் எவை, பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதிகள் எத்தனை வகை என்று இயல் பிரிப்பதற்கு அவருடைய நாவல்கள் நன்கு இடந்தருகின்றன. மறுபுறம், இவை செய்தித்தொகுப்புகளே, கலைப்படைப்புகள் அல்ல என்று ஒதுக்கும் திறனாய்வுக் குரலும் உண்டு. பாராட்டுவோரும் ஒதுக்குவோரும் ஒரே இடத்தில் நின்றே பேசுகின்றனர்: நாவலில் உள்ள தகவலையே இருசாராரும் காண்கின்றனர். அத்தகவலைக் கொண்டு ஒரு மனிதரை உருவாக்க முனைந்த எழுத்தாளரின் இடர்ப்பாட்டை இருவருமே கண்டுகொள்வதில்லை.

முதலும் கருவும் உரியும்

இவ்விடர்ப்பாட்டை விளங்கிக்கொள்ளத் தொல்காப்பியத்தின் பொருட்பாகுபாடு உதவும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தொழில், உணவு, விலங்கு, தெய்வம் முதலியன கருப்பொருள். இவை இரண்டையும் கள ஆய்வு தந்துவிடும். தூத்துக்குடிக்குச் சென்றால் பாத்தியின் அளவையும், வாருபலகையைப் பிடித்த கை காய்த்துப்போவதையும், வெயிலில் வெண்பரப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசுவதையும் அறியலாம். அளத்தில் உழைப்போர் குடிநீருக்குப் படும் பாட்டைக் கேட்டறியலாம். அவர்களுடைய பேச்சு வழக்கை ஓரளவு காதில் ஏற்றிக்கொள்ளலாம். உரிப்பொருளோ கேட்டுப் பெறத்தக்கதன்று. ஒரு பெண் தன் நாளின் கூலியைச் சொல்வாள்; அக்கூலியைக் கையில் வாங்கும்போது உடன் நிற்பவள்மீது தனக்கு எழுந்த பொறாமையைச் சொல்லமாட்டாள். அதை எழுத்தாளரே எழுதியாக வேண்டும். அவ்வாறு எழுதும் உரிமை தமக்கு உண்டா என்ற தயக்கம் அங்கேதான் பிறக்கிறது.

கரிப்பு மணிகள் நாவலின் வலிமையும் மெலிவும் இந்த இடத்தில்தான் உள்ளன. உப்பளத்தின் வெக்கையை எழுதும்போது ராஜம் கிருஷ்ணனின் உரைநடையில் ஒரு கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி தெரிகிறது. தாம் அறியாத தொழிலின் சொற்களைக் கற்றுக்கொண்ட ஒருவர், அவற்றை முதன்முறையாக ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கும் மகிழ்ச்சி அது. புனைவெழுத்தின் இன்பங்களுள் இது சிறிதன்று. தகவல் மிகுந்துவிட்டது என்று குறைகூறுவோர் இவ்வின்பத்தைக் காணத் தவறுகின்றனர். ஆயின், அந்த அளத்தில் உழைக்கும் பொன்னாச்சியிடம் வரும்போது உரைநடை எச்சரிக்கை அடைகிறது. அவள் துன்புறுகிறாள், தாங்குகிறாள், மேற்பார்வை செய்யும் ஆண்களின் கெடுபிடிக்கு ஆளாகிறாள். தொழிலாளரை ஒன்றுதிரட்ட முனையும் ராமசாமியின்மீது அவள் கொள்ளும் அன்பும்கூட, போராட்டத்தின் திசையிலேயே செல்கிறது. அவள் சிறுமைப்படுவதைக் காண்கிறோம். அவளே சிறுமையாக நடந்துகொள்ளும் கணம் நம் நினைவில் தங்குவதில்லை. ராமசாமியும் அவ்வாறே. அவனுடைய நேர்மையில் கீறல் விழ நாவல் இடந்தரவில்லை.

ராஜம் கிருஷ்ணன் தம் கள நாவல்களின் முன்னுரைகளில், பயணத்தையும் உதவியோரையும் நினைவுகூரும் வழக்கமுடையவர். இம்முன்னுரைகளை நன்றியுரை என்று கடந்துவிடுவது எளிது. பாத்திரப் படைப்பை ஆராய்பவருக்கு அவை முதன்மைச் சான்று. ஒரு வீட்டில் அமர்ந்து, அவர் தந்த நீரைப் பருகி, தன் பாட்டை மனந்திறந்து சொன்னவரைக் கேட்டுத் திரும்பிய ஒருவர், அவரை ஒத்த பாத்திரத்தைப் பேராசையுடையவராகவோ கோழையாகவோ படைப்பது எங்ஙனம்? விருந்தினருக்கு ஒரு கடன் உண்டு. பொன்னாச்சியின் மாசின்மை அக்கடனைத் தீர்க்கும் முயற்சி.

இதனைத் தலைப்புகளும் உணர்த்துகின்றன. கரிப்பு மணிகள் என்பது விளைபொருளின் பெயர். அலைவாய்க்கரையில் என்பது இடத்தின் பெயர். சேற்றில் மனிதர்கள் என்னும் தலைப்பிலும் சேறு முந்திக்கொள்கிறது.

ஒற்றன் என்னும் மறுமுனை

தாம்பரத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள வேளச்சேரியில் தம் இறுதியாண்டுகளைக் கழித்து 2017இல் மறைந்த அசோகமித்திரன், இதற்கு நேர்மாறான வழியில் பாத்திரங்களைக் கண்டடைந்தவர். 1973–74இல் அமெரிக்காவின் அயோவா நகரில் பல நாட்டு எழுத்தாளர்களோடு தங்கியிருந்த அனுபவத்தை நாவலாக்கியபோது, அவர் அதற்கு இட்ட பெயர் ‘ஒற்றன்’. உடன் வாழ்வோரைப் பார்த்துக்கொண்டே இருப்பவன், பார்ப்பதை வெளியே சொல்லாதவன், யாரிடமும் விண்ணப்பம் போடாதவன் என்பது அப்பெயரின் குறிப்பு. அவருடைய தண்ணீர் நாவலைக் கரிப்பு மணிகளோடு ஒப்பிடத் தூண்டுவது அவற்றின் பொருள் ஒற்றுமை. ஒன்று நன்னீரின்மை பற்றியது. மற்றது கடல்நீரைக் காய்ச்சி வாழ்வது பற்றியது. தண்ணீர் நாவலின் சென்னைத் தெருவும் ஒரு சமூகச் சிக்கலில் தவிக்கிறது. எனினும் ஜமுனா அச்சிக்கலின் பிரதிநிதி அல்லள். திரைப்பட வாய்ப்பை நம்பி ஏமாந்தவள். தங்கை சாயாவின் சினத்துக்கு உரியவள். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைபவள். அவளை நாவலாசிரியர் காக்க முற்படுவதில்லை. அதனாலேயே அவள் மீண்டெழும்போது அது அவளுடைய செயலாகிறது.

இவ்வொப்பீட்டிலிருந்து, தன் தெருவை எழுதுவதே பாத்திரப் படைப்புக்கு உகந்தது, அயலாரை எழுதுவது ஆகாது என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. எமிலி ஜோலா 1884இல் வட பிரான்சின் அன்சான் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்று, சில நாள்களே தங்கி, குறிப்பெடுத்துத் திரும்பி, அடுத்த ஆண்டு ஜெர்மினல் நாவலை வெளியிட்டார். ராஜம் கிருஷ்ணனின் முறையும் அதுவே. ஆயினும் ஜோலாவின் சுரங்கத் தொழிலாளர்கள் பசியால் வெறிகொண்டு கொடுஞ்செயல் புரிகின்றனர். அவர்கள்மீது கொண்ட பரிவு அதை எழுதுவதற்குத் தடையாகவில்லை. அவர் சுரங்கப் பகுதியில் நுழைந்தது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் செயலாளர் என்ற பெயரில் என்பது இங்குக் கருதத்தக்கது. ஒரு வகையில் அவரும் ஒற்றர்தான். வேற்று வேடத்தில் சென்றவருக்கு விருந்தினரின் கடன் இல்லை. இவ்வகையில் ஜோலாவின் நாவலைக் கலைநயத்துக்கும், ராஜம் கிருஷ்ணனின் முறையை நேர்மைக்கும் பாராட்டத் தோன்றுகிறது; அந்நேர்மைக்கு ஒரு விலை உண்டு என்பதை மட்டும் மறைக்க வேண்டியதில்லை. அவர் ஒரு பெண்ணாக, தம் பெயரிலேயே, கதை எழுத வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அக்குடில்களுக்குள் சென்றவர். ஒற்றரின் வேடம் அவருக்குக் கிடைத்திருக்கவும் வாய்ப்பில்லை.

ரங்கனின் விடுதலை

இக்கடன் அவரை எல்லா இடத்திலும் கட்டிப்போடவில்லை என்பதற்குக் குறிஞ்சித்தேன் சான்று. நீலகிரி அவர் பயணியாகச் சென்ற களம் மட்டும் அன்று. கணவரின் பணி காரணமாக வாழ்ந்த இடம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக்கணக்காகக் கொண்டு, தேயிலையும் மின்திட்டமும் ஒரு ஹட்டியின் வாழ்வை மாற்றுவதைத் தலைமுறை வரிசையில் சொல்லும் இந்நாவலில், மண்ணையும் மரபையும் பற்றிநிற்கும் ஜோகியோடு ரங்கன் வளர்கிறான். ரங்கன் உழைப்பை வெறுக்கிறான்; பணத்தைத் தேடி உதகைக்கு ஓடுகிறான்; கிருஷ்ணன்மீது காய்ச்சல் கொள்கிறான். பாருவை முன்னிட்டு மூளும் பகை அவனிடமிருந்தே கொழுந்துவிடுகிறது. படகர் சமூகத்தை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தும் நாவலில் இத்தகைய ஒருவனை மையத்துக்கு அருகில் வைக்க எழுத்தாளருக்குத் துணிவு இருந்திருக்கிறது. ஜோகியின் நன்மையும் ரங்கனோடு உரசும்போதே ஒளி பெறுகிறது. ரங்கன் இல்லையெனில் ஜோகியும் பொன்னாச்சியைப் போல மாசற்ற சான்றாளனாகவே நின்றிருப்பான்.

ஆண்டுக்கணக்கில் அண்டை அயலாராக வாழ்ந்தவர், மக்களின் நன்மையை மட்டும் அல்லாமல் அவர்தம் பிணக்குகளையும் காண்கிறார். சில நாள் வந்து செல்லும் விருந்தினரிடம் குடும்பங்கள் தம் பிணக்குகளைக் காட்டுவதில்லை. கள ஆய்வு நாவல் என்னும் ஒரே பெயரால் குறிஞ்சித்தேனையும் கரிப்பு மணிகளையும் சேர்த்துக் கட்டுவது, இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. வாழ்ந்த களம், சென்ற களம் என்று அவற்றைப் பிரித்து நோக்குவதே பாத்திர ஆய்வுக்குத் தகும்.

பெயர் சுட்டிய ஒருத்தி

பாதையில் பதிந்த அடிகள் (1991) இப்பகுப்பையும் குலைக்கும் நாவல். மணலூர் மணியம்மை உண்மையில் வாழ்ந்தவர். பிராமணக் குடும்பத்தில் பிறந்து கைம்பெண்ணானவர். தஞ்சை வேளாண் தொழிலாளரைப் பொதுவுடைமை இயக்கத்தில் திரட்டியவர். தலைமுடியைக் குறைத்து வேட்டியும் மேற்சட்டையும் அணிந்தவர். 1953இல் மான் முட்டி இறந்தவர். அகத்திணை மாந்தருக்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பது பழைய இலக்கண மரபு. பெயர் சுட்டியவுடன் புனைவின் உரிமை சுருங்குகிறது என்பதை உணர்ந்தே அம்மரபு அமைந்தது எனலாம். அவ்வாறாயின் ராஜம் கிருஷ்ணனின் கடன் இந்நாவலில்தான் மிகப் பெரிது. இறந்தவரின் நினைவைக் காத்துவந்தோரிடம் கேட்டு எழுதிய நாவல் இது. மாசற்ற தலைவி ஒருத்தியை எதிர்பார்ப்பதற்கு எல்லாக் காரணமும் உண்டு.

எனினும் அவருடைய கள நாவல்களின் பெண்களுள் மணியம்மையே மிகுந்த உள்வாழ்வு உடையவர். இதற்கான விளக்கம் களத்தில் இல்லை. வேளாண் தொழிலாளரின் குடிசை ராஜம் கிருஷ்ணனுக்கு அயலிடமாக இருக்கலாம். மணியம்மை விட்டு வெளியேறிய வீடு அவ்வாறன்று. அவ்வீட்டின் பின்கட்டும், மடிவிழுப்பும், கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட மூலையும், சிறுவயதில் மணமான பெண்ணுக்கு அங்கே அமையும் மௌனமும் அவர் கேட்டறிய வேண்டியவை அல்ல. முடியைக் குறைத்த செய்தியைக் களம் தரும். அம்முடியின் வரலாற்றை, அதாவது அது யாருடைய கையால் எப்போது களையப்பட்டது, மீண்டும் வளர்ந்தபோது வீட்டார் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு பெண் மற்றொரு பெண்ணிடமிருந்து கேளாமலே அறிகிறாள். பொன்னாச்சிக்குக் கிடைக்காத ஒன்று மணியம்மைக்குக் கிடைத்தது இதனால்தான்.

பொன்னாச்சியின் மெலிவைக் கொண்டு கரிப்பு மணிகளைத் தள்ளிவிடுவதற்கும் இது இடமளிக்காது. 1970களில், உப்பளத்துப் பெண் ஒருத்தியின் பெயரைத் தமிழ் நாவலில் எழுதுவதற்குத் தாம்பரத்துப் பெண் ஒருவர் இரயிலேற வேண்டியிருந்தது. அளத்துக்குள் பிறந்த ஒருத்தி தானே எழுதியிருந்தால் பொன்னாச்சிக்குப் பொறாமையும் பொய்யும் நகையும் வாய்த்திருக்கும். ஆய்வாளர்கள் இனி அந்நாவலின் முன்னுரைகளோடு கதைப்பகுதியை அடுத்தடுத்து வைத்துப் படித்து, தமக்குச் சொல்லப்பட்டவற்றுள் எவற்றை எழுத்தாளர் எழுதாமல் விட்டார் என்று தேடலாம். தூத்துக்குடி அளங்களில் அவர் சந்தித்தவர்களின் பிள்ளைகளுள் சிலர் இன்றும் அங்கு இருக்கக்கூடும். அவர்களிடம் அந்நாவலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கருத்துக் கேட்கும் ஆய்வு, கூலிக் கணக்கை மீண்டும் ஒருமுறை அட்டவணையிடுவதைவிடப் பயன் தரும்.