நினைவுகூருதல்: ஒரு சொல்லாய்வு

திருவிருந்து ஆராதனையில் ஆயர்களாகிய நாம் தவறாது உச்சரிக்கும் சொற்களுள் ஒன்று ‘நினைவுகூருதல்’. ஆயினும் நம் அருளுரைகளில் இது பெரும்பாலும் மனத்தில் மட்டும் நிகழும் ஒன்றாகவே விளக்கப்படுகிறது. கண்களை மூடிச் சிலுவைக் காட்சியை மனக்கண்முன் நிறுத்துங்கள் என்கிறோம். சபையாரின் அன்றாட வழக்கிலோ இச்சொல் இன்னும் சுருங்கி, மரித்தோரின் நினைவு நாளோடும் ஞாபகார்த்தக் கல்வெட்டோடும் நின்றுவிடுகிறது. இவ்விளக்கம் போதுமானதன்று என்பதே நம் கருத்து.

தமிழில் ‘கூர்’ என்பது மிகுதியைக் குறிக்கும். உள்ளது சிறத்தல் என்னும் பொருளைத் தொல்காப்பிய உரியியல் ‘கூர்ப்பு’ என்பதற்கு வழங்குகிறது. அன்புகூர்தல் அன்பு மிகுதல். நினைவுகூர்தல் நினைவு மிகுதல்.

எபிரேயத்தில் இதற்கு நேரான வினை ‘சாகார்’. ஆதியாகமம் 8:1இல் தேவன் நோவாவை நினைக்கிறார். காற்று வீசுகிறது, வெள்ளம் தணிகிறது. யாத்திராகமம் 2:24இல் உடன்படிக்கையை நினைக்கிறார். அடுத்த அதிகாரத்தில் மோசே அழைக்கப்படுகிறார். இவற்றைக் காட்டி, இச்சொல்லின் பொருளே செயல்தான் என்பாரும் உளர். அதுவும் மிகைக்கூற்றே. எண்ணாகமம் 11:5இல் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் மக்கள் நினைத்தபோது ஆளப்படுவதும் அதே வினைதான். அங்கே விளைந்தது அழுகையும் முறுமுறுப்பும். சொல்லின் பொருளை அதன் வேரில் அன்று, அது வழங்கும் வாக்கியத்திலேயே தேடவேண்டும் என 1961இல் ஜேம்ஸ் பார் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை நம் தமிழ் வேருக்கும் பொருந்தும்.

ஆகவே 1 கொரிந்தியர் 11ஐ அதன் சூழலில் வாசிப்போம். பந்தியில் ஒருவன் பசித்திருக்க, மற்றொருவன் வெறித்திருக்கிறான். இதைக் கண்டிக்கும் இடத்திலேதான் பவுல் ஆண்டவரின் இரவு விருந்தை எடுத்துரைக்கிறார். எனவே பசித்தவனை மறந்த சபை, அப்பத்தைப் பிட்டாலும், ஆண்டவரை நினைவுகூரவில்லை. சொல்லின் பொருளை இங்கே உறுதிசெய்வது அகராதியன்று. அருகில் அமர்ந்திருக்கும் சகோதரனே.

இது நம்மையும் குற்றப்படுத்துகிறது. ‘எங்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், ஐயா’ என்று ஒரு கைம்பெண் கேட்டார். ‘நினைத்துக்கொள்கிறோம், அம்மா’ என்றோம். தெருமுனையை அடையுமுன் மறந்துபோனோம். அடுத்த திருவிருந்தில், அவர் நீட்டிய கைகளில் அப்பத்தை வைத்தபோதுதான் அவ்வாக்கு நினைவுக்கு வந்தது. அன்று மாலை அவர் வீட்டிற்குச் சென்றோம். வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அன்றுமுதல் அச்சொல்லை மேசையருகே எளிதாய் உச்சரிக்க நம்மால் இயலவில்லை. உடன் ஊழியரே, உங்களுக்கும் அவ்வாறே ஆகட்டும்.