பச்சை பூத்த காப்பு

பீங்கான் வேலை தெரிந்தவருக்குச் செம்பின் குணம் தெரியும். மெருகுப் பூச்சில் சிட்டிகை செம்பு ஆக்சைடு சேர்த்து, சூளையில் காற்று நன்றாகப் புழங்கச் சுட்டால் பச்சை; காற்றைக் குறைத்துச் சுட்டால் சிவப்பும் வரலாம். பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்தில் சூளை செய்வதை மண் மிக மெதுவாகச் செய்கிறது. புதைந்த செம்பு நகை நூற்றாண்டுகளாகத் தானே பச்சை பூத்துக்கொள்கிறது.

விருத்தாசலத்துக்குத் தெற்கே, கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அண்மையில் நடந்த அகழாய்வில், பொன்னும் செம்புமான காப்புத் துண்டு ஒன்று கிடைத்தது. இப்படிப்பட்ட பொருளைத் துலக்குவது புளி போட்டுத் தேய்க்கும் வேலையல்ல. நுண்ணோக்கிக்கடியில் வைத்து, ஊசிமுனையால் பொருக்குப் பொருக்காகப் பெயர்க்க வேண்டும், இடையிடையே மென்தூரிகை. காதில் விழுவது மெல்லிய சுரண்டல் சத்தம் மட்டும். கை அவசரப்பட்டால் பொன்பூச்சும் உடன் போய்விடும்.

எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், கீறாமலே உலோகக் கலவை தெரியும். பாதரசச் சுவடு இருந்தால், பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசித் தீயில் வாட்டியிருக்கலாம்.

எல்லாவற்றிலும் சுவையானது துணிச் சுவடு. செம்பின் உப்பு நுண்ணுயிர்களை அண்டவிடாது. அதனால் சில பழைய கொக்கிகளிலும் ஊசிகளிலும், ஒட்டியிருந்த ஆடையின் இழைகள் களிம்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. நூலை எந்தப் பக்கம் முறுக்கினார்கள், நெசவு நெருக்கமா தளர்வா என்றுகூடப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்துப் பொன் நகைகளின் எடையைச் சொல்கின்றன. உடுத்திய சேலையின் இழையைச் சொல்ல இந்தப் பச்சைக் களிம்புதான் வேண்டியிருக்கிறது.