பாடநூலின் விரைவுக் குறியீடும் தமிழ் வகுப்பறையும்

தமிழ்நாட்டில் 2018-2019 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டில் ஏனைய வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் இடம்பெற்ற விரைவுக் குறியீடு, அச்சு நூலுக்கு ஒலியும் காட்சியும் சேர்க்கும் புதுமையாக வரவேற்கப்பெற்றது. மாணவர்க்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011இலும், கல்வித் தொலைக்காட்சி 2019இலும் தொடங்கப்பெற்றன. கருவிகள் மாணவரை வந்தடைந்த வரலாறு தெளிவாகவே உள்ளது. அவற்றைக் கொண்டு தமிழ்ப் பாடத்தில் எது கற்பிக்கப்படுகிறது என்பதே போதிய அளவு ஆராயப்படவில்லை. தொழில்நுட்பம் பயனுடையதா என ஆசிரியரிடம் வினாநிரல் அளித்து, கிடைத்த இசைவை விழுக்காடாக்கும் ஆய்வுகளால் இவ்வினாவுக்கு விடை காண இயலாது. திரையில் ஓடும் பாடத்தையும் ஒரு பனுவலாகக் கொண்டு திறனாய்தல் வேண்டும்.

பாடநூலிலுள்ள 'இணையச் செயல்பாடு' என்னும் பகுதியை நோக்கலாம். உரலியைத் திறத்தல், செயலியை நிறுவுதல், உரிய தெரிவைச் சொடுக்குதல் எனப் படிகள் தரப்படுகின்றன. இவை கருவியை இயக்கும் படிகளேயன்றி மொழியைக் கற்கும் படிகள் அல்ல. கண்டபின் எதனோடு எதனை ஒப்பிடுவது, எவ்விடத்தில் ஐயுறுவது என்னும் வழிகாட்டல் பெரும்பாலும் இல்லை. மாணவர் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர இசைவில்லாத சூழலில், மாலையில் வீடு திரும்பும் தந்தையின் கைப்பேசிக்காகக் குறியீடு காத்திருக்கிறது.

இக்குறை சிறிதன்று என்பதற்கு யாப்பிலக்கணமே சான்று. பத்தாம் வகுப்பில் பாவகையும் அலகிடுதலும் பாடமாக உள்ளன. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்பன அச்சில் வெறும் பெயர்கள். அவ்வோசைகளைக் காதால் கேளாமலே மாணவர் முழு மதிப்பெண் பெற முடிகிறது. அச்சு தோற்கும் இவ்விடமே ஒலிப்பதிவு நுழைய வேண்டிய இடம். ஒரு வெண்பாவையும் ஓர் ஆசிரியப்பாவையும் பெயர் கூறாது ஒலிக்கச் செய்து, வேறுபாட்டை மாணவரே சொல்லியபின் அலகிடச் செய்தால், ஓசைக்கும் தளைக்கும் உள்ள உறவு விளங்கும். அதற்கு ஆசிரியரின் கைப்பேசியும் சிறு ஒலிபெருக்கியுமே போதும். திறன் வகுப்பறை வேண்டியதில்லை. அதே கைப்பேசியில் மாணவரின் வாசிப்பைப் பதிந்து அவரையே கேட்கச் செய்யலாம். பலமுறை திருத்தியும் மாறாத லகர, ளகர, ழகரப் பிறழ்ச்சி அப்போது அவருக்கே புலப்படக்கூடும்.

ஓசை நயம்படப் பாடிக்காட்டும் ஆசிரியர் வாய்த்த வகுப்பில் ஒலிப்பதிவு மிகையே. அத்தகையோர் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை என்பதால்தான் பதிவின் தரம் இன்றியமையாததாகிறது. மனப்பாடப் பாடல்களைத் திரையிசை மெட்டில் பாடி வெளியிடும் காணொலிகள் இன்று மாணவரிடையே பரவியுள்ளன. மெட்டு நினைவுக்குத் துணைபுரியும் என்பதில் ஐயமில்லை. ஆயின் தாளத்திற்கேற்பச் சீர் பிளக்கப்படும்போது வெண்பா வெண்பாவாக ஒலிப்பதில்லை. அதனைக் கேட்டுப் பழகிய செவிக்குச் செப்பலோசை என்பது தேர்வுக்குரிய பெயராகவே எஞ்சும்.

பாடநூலாக்கக் குழுவின் பெயர்ப்பட்டியலில் அச்சுப் பகுதிக்கு மேலாய்வாளர் உள்ளனர். குறியீட்டுக்கோ மேலாண்மைக் குழு உள்ளது. மேலாண்மை வேறு, மேலாய்வு வேறு. ஒவ்வொரு பதிவையும் யாப்பறிந்த ஒருவர் கேட்டு, சீர் சிதையும் இடங்களைக் குறித்துத் திருப்பி அனுப்பும் நடைமுறை அச்சுக்கு எவ்வளவு தேவையோ ஒலிக்கும் அவ்வளவு தேவை.